கறுப்புத் துணியில் சுற்றிய தாழ்ப்பாள்

அத்தை,

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது நல்லெண்ணெய் வாடைதான். உங்கள் தகரப் பெட்டியை நான் இத்தனை நாளாகத் தொடவில்லை. சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உங்கள் மகன் சொன்னதால், இன்றைக்குப் பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடியில் ஒரு கறுப்புத் துணி முடிச்சு. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் முடிந்து விளக்குப் போட வாங்குவோமே, அந்தத் துணி. அவிழ்த்தால் உள்ளே ஒரு பழைய தாழ்ப்பாள், அதன் திருகாணிகள், வெட்டுப்பட்ட ஒரு மஞ்சள் கயிறு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கழற்றிய தாழ்ப்பாள் என்ன ஆனது என்று பின்னால் ஒருநாள் கேட்டபோது, "அதையா? அதை அப்பவே பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சுத்தா" என்று வாய் கூசாமல் சொன்னீர்களே! இத்தனை வருஷமும் உங்கள் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறீர்கள்.

நான் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கும் பிடிக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. அது திரும்ப வருகிறது.

காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. காபி ருசிக்கவில்லை. வகுப்பில் பலகையில் கணக்கைப் பாதி போட்டுவிட்டு, அடுத்த வரி என்ன என்று தெரியாமல் நிற்கிறேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த விருந்தாளிகள் உடை மாற்ற வேண்டுமே என்று உங்கள் மகன் என் அறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்டார். அது வெள்ளி மாதிரி மின்னுகிறது. பள்ளியிலிருந்து வந்ததும் உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டால் வீட்டில் கதவைத் தட்டவும் ஆள் இல்லை.

முதல் தடவை வந்தபோது அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. பையன் கோயம்புத்தூரில் விடுதிக்குப் போன வருஷம். உங்கள் மகன் வாழை இலைக் கட்டுகளோடு குமுளி ஏறினால் வாரக் கடைசியில்தான் சின்னமனூர் திரும்புவார். நீங்களோ விடிவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து இலைக் கடைக்குப் போய்விடுவீர்கள். நான் எழுந்திருப்பதை விட்டேன். குளிப்பதை விட்டேன். பள்ளிக்கு லீவு சொன்னேன், பிறகு லீவு சொல்வதையும் விட்டேன். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "புருசன் குடிக்கிறானா, அடிக்கிறானா, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டார்கள். கண்ணு பட்டுருச்சு என்றாள் ஒருத்தி. ஏழரைச் சனி என்றாள் இன்னொருத்தி. எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் பயங்கரம். குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழலாம்.

ஒரு மத்தியானம் நீங்கள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி, அத்தை" என்றேன். மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னேன். உங்கள் கரண்டி தட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் என் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"தாழ்ப்பாள் எங்க அத்தை?"

"கறையான் அரிச்சிருச்சுத்தா."

"இரும்பையா?"

"கதவை அரிச்சா இரும்பு எதுல நிக்கும்? படிச்சவ மாதிரியா பேசுற?"

அந்தக் கதவு தேக்கு. அதில் கறையான் பல் படாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நாம் பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து உங்கள் பாய் என் அறை வாசலுக்கு வந்துவிட்டது. காற்று நல்லா வருது என்றீர்கள். அங்கே காற்று வர வழியே கிடையாது.

அந்த வாரமே என்னைத் தேனிக்குக் கூட்டிப் போனீர்கள். கல்யாணத்துக்கு இலை சொல்ல வந்த நர்சு ஒருத்தியிடம் விசாரித்திருக்கிறீர்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். "மாத்திரை உங்களை எந்திரிச்சு உக்கார வைக்கும். உக்கார்ந்த பிறகு பேச வேண்டியது நிறைய இருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை மாடியில ஒரு மேடம் வர்றாங்க, அவங்களைப் பாருங்க" என்றார். மனநல ஆலோசகர் என்று பலகையில் போட்டிருந்தது. உங்களுக்கு அவர் கடைசி வரைக்கும் பேச்சு டாக்டர்தான்.

சனிக்கிழமை என்றதும் உங்கள் மூளை ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மறுநாளே தெரு முழுக்கச் சேதி: மருமகளுக்கு ஏழரை, குச்சனூருக்கு வாராவாரம் விளக்குப் போட நேர்ந்திருக்கு. உங்கள் மகனுக்கும் அதே சேதிதான். எதற்கு மறைக்க வேண்டும் என்றேன்.

"அவன் பயந்துருவான். பயந்தா அவனுக்குக் கத்தத்தான் தெரியும். நீ மொதல்ல எந்திரி, பெறகு பாப்போம்."

"அப்ப நேரா தேனி பஸ் ஏறுவோமா?"

"பொய்ய முழுசாச் சொல்லக்கூடாதுத்தா, மாட்டிக்கிருவோம். போயி வெளக்கப் போட்டுட்டே போவோம்."

அப்படித்தான் வாராவாரம் குச்சனூரில் இறங்கி, எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, அடுத்த பஸ்ஸில் தேனிக்குப் போனோம். விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த மேடம் முன்னால் உட்காருவேன். நீங்கள் வெளியே பெஞ்சில், மடியில் வாழைப்பழச் சீப்போடு. முதல் நாள் நான் வெளியே வந்ததும் நீங்கள் கேட்டது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

"ஊசி போட்டாகளா?"

"இல்ல அத்தை."

"மருந்து?"

"இல்ல."

"அப்ப உள்ள அம்புட்டு நேரம் என்னதான் செஞ்சாக?"

"பேசுனோம்."

"பேசுறதுக்கா தேனி வரைக்கும் வந்தோம்? நம்ம தெருவுல ஓசியிலேயே பேசுவாளுகளே, போதும் போதும்னாலும் விடாம!"

தெருவில் பேசியது வேறு, இது வேறு. தெருவில் எல்லோரும் புத்தி சொன்னார்கள். மேடம் ஒரு புத்தியும் சொல்லவில்லை. கேட்டார். நான் இந்த வீட்டுக்குப் பாரம் என்று சொன்னபோது, அப்படியெல்லாம் இல்லைங்க என்று சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கணக்கு டீச்சர்தானே? நிரூபிங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல மாதம் கழித்து எனக்குள் அசைந்த முதல் விஷயம் அந்தக் கோபம்தான். யார் எப்போது உங்களைப் பாரம் என்று சொன்னார்கள், என்ன நடந்தது, அதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா என்று ஒவ்வொரு படியாகக் கேட்டார். என் நிரூபணம் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: "இது நினைப்பா, நடந்ததா?"

அதை பஸ்ஸில் உங்களிடம் சொன்னதுதான் தாமதம். அன்றிலிருந்து அடுப்படியிலிருந்து சத்தம் வரும். பள்ளியில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நான் முணுமுணுத்தால், "நெனப்பா? நடந்ததா?" என்று மீன் கழுவிக்கொண்டே கேட்பீர்கள். ஒரு நாள் உங்கள் மகன், இலை வியாபாரமே படுத்துவிடும்போல இருக்கிறது என்று அங்கலாய்த்தபோது அவரிடமும் கேட்டீர்கள். அவர் முழித்த முழி!

எழுந்திருக்கத் தோன்றாவிட்டாலும் தினம் காலையில் முல்லையாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வர வேண்டும் என்று மேடம் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். மனசு வந்த பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் வராது, நடந்தால் பின்னாலேயே மனசு கொஞ்சம் வரும் என்றார். பஸ்ஸில் நான் சொல்ல அதைக் கேட்டீர்கள். அடுத்த சனிக்கிழமை சனீஸ்வரன் சந்நிதியில் என் கையைப் பிடித்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டீர்கள்.

"காப்புக் கட்டியாச்சு. இனி மழையே வந்தாலும் நடக்கணும். மாறக்கூடாது."

கையில் காப்பு இருப்பதால் தெருவில் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. விரதக்காரியை யார் என்ன கேட்பது? பாலத்துக்கு என்னோடு நீங்களும் நடந்தீர்கள். எனக்கு முகம் தெளிந்து வருகிறது என்று பார்த்து, எதிர்வீட்டுக்காரியும் அவள் தங்கச்சியும் தாங்களும் காப்புக் கட்டிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். மேடம் கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

ஐப்பசி வந்தது. அடைமழை. ஒரு காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மழை காரணமில்லை. உடம்பு கல்லாகிவிட்டது. மறுநாளும் முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி மணிக்கட்டில் அந்தக் கயிற்றையே தடவிக்கொண்டிருந்தேன். சனீஸ்வரனுக்குக் கட்டிய காப்பு. வாக்கு மாறிவிட்டேன். முன்பு வீட்டுக்கு மட்டும் பாரமாக இருந்தவள் இப்போது சாமிக்கும் குற்றம் செய்தவள் ஆகிவிட்டேன். இனி என் பிள்ளைக்கு ஏதாவது ஆகும், லாரியில் போகும் இவருக்கு ஏதாவது ஆகும் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்கள்தான் மோசம். நீங்களும் வெளிறிப் போயிருந்தீர்கள். தேங்காய் உடைத்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், திரும்பவும் தேங்காய் உடைத்தீர்கள்.

சனிக்கிழமை என்னால் நடக்கக்கூட முடியவில்லை. ஆட்டோ வைத்துத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போன மாதிரிதான் போனீர்கள். மேடம் அன்றைக்குத்தான் உங்களை முதல்முறையாக உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு நாள் நடக்கலைன்னா ஒண்ணும் ஆகாது. ஏன் நடக்க முடியலைன்னு இங்க வந்து பேசலாம், அதுவும் வைத்தியம்தான். ஆனா பெரிய குத்தம் பண்ணிட்டோம்னு இவங்களுக்குத் தோணிருச்சுன்னா, அதைத் தின்னுதான் இந்த நோய் வளரும்."

நீங்கள் வாழைப்பழச் சீப்பை மேசைமேல் வைத்தீர்கள். ஊரையே அதட்டும் உங்கள் குரல் எங்கே போனதோ.

"எம் மருமக பொழச்சுக்கிருவாளா?"

"பொழச்சுக்குவாங்க. உங்களுக்குப் பயமாத்தான் இருக்கும். பயந்துக்கிட்டே கூட்டிட்டு வாங்க, விட்டுறாதீங்க" என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்ததும் இலை அறுக்கும் கத்தியை எடுத்தீர்கள். என் கையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். உங்களுக்குச் சனீஸ்வரன் மேல் இருந்த பயம் எனக்குத் தெரியும், அத்தை. சனிக்கிழமை எண்ணெய் வாங்காதவர், கறுப்புச் சேலையைக் கையால் தொடாதவர் நீங்கள். காப்பை அவிழ்க்கும் நாளுக்கு முன்னால் அறுப்பது என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கட்டுனது நான், அறுக்கிறதும் நான். குத்தம் எம்மேல. இவ மேல இல்ல. கேட்டுக்க சாமி" என்று சொல்லி அறுத்துவிட்டீர்கள்.

நான் அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு சத்தம் போட்டு அழுதேன்.

அதற்கப்புறம் ஒன்றும் மாயம் நடந்துவிடவில்லை. நடந்த நாளும் உண்டு, படுத்த நாளும் உண்டு. இரண்டையும் மாடியில் போய்ச் சொன்னேன். மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பள்ளிக்குத் திரும்பினேன். முடிவாக ஒரு நாள் மேடம், இனி வாராவாரம் வர வேண்டாம், ஆனால் இது திரும்பவும் எட்டிப்பார்க்கலாம், எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும் என்றார். "வந்தா முதல்ல யார்கிட்டச் சொல்வீங்க?"

"எங்க அத்தைகிட்ட."

"இன்னொரு பேரு?"

"எங்கத்தை ஒருத்தரே பத்துப் பேருக்குச் சமம், மேடம்."

அவர் சிரித்தார், ஆனாலும் இன்னொரு பெயர் வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் இதைச் சொன்னபோது, "எம் மகன் பேரைச் சொன்னா என்ன, நாக்கு சுட்டிருமா?" என்றீர்கள். பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு என்பது வரவே இல்லை.

இந்த ஆனியில் இலை எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டுகளின் மேல் சாய்ந்துவிட்டீர்கள். தேனி ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையைப் பிடித்திருந்தீர்கள். உள்ளே போகும்போது பிடி இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கயிற்றைப் பார்ப்பதற்கு முன்னாலிருந்தே எனக்குள் ஒரு குரல் சொல்கிறது: அத்தை காப்பை அறுத்தார், குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டார், அதனால்தான் போனார். உன்னால்தான் போனார்.

நீங்கள் கேட்பது கேட்கிறது. நெனப்பா, நடந்ததா? சரி, நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன் என்று பொய் சொல்லி அரிசிப் பானைக்குள் போடுவீர்கள், அரிசி களையும்போது நான்தான் எடுப்பேன். கயிற்றை அறுத்த பிறகு வருஷக்கணக்காக நன்றாக இருந்தீர்கள், சண்டை போட்டீர்கள், பேரன் வேலைக்குப் போனதைப் பார்த்தீர்கள். எல்லா வரியும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் விடை வந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. தனியாகப் போட்ட கணக்கை யாராவது வாங்கித் திருத்த வேண்டும். திருத்துகிறவர் நீங்கள்தான். நீங்கள் இல்லை. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை.

மீதியைச் சில வாரம் கழித்து எழுதுகிறேன், அத்தை. அன்று மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். உங்கள் மகன் கோட்டயத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்புத் துணியை அவர் மடியில் வைத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "இது கறையான் அரிச்ச தாழ்ப்பாள்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குச்சனூர், தேனி, மாடி, பெஞ்சு, கயிறு எல்லாம். இப்போது மறுபடி வருகிறது என்பதையும், நீங்கள் போனது என்னால்தான் என்று தோன்றுவதையும் சொன்னேன். அவர் கத்தப் போகிறார் என்று காத்துக்கொண்டே சொன்னேன்.

தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா பயந்துச்சா?"

"ரொம்பப் பயந்தாக."

"எனக்கும் பயமா இருக்கு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அம்மா போனது ரத்தக்கொதிப்புலதான். டாக்டரு எங்கிட்டத்தான சொன்னாரு. அதுல நீ எங்கன வந்த?"

நீங்கள் திருத்த வேண்டிய கணக்கை உங்கள் மகன் திருத்திவிட்டார். பிறகு லாரியிலிருந்து திருப்புளி எடுத்து வந்து புதுத் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஒரு திருகாணி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. முழங்காலில் குனிந்து அதைத் தேடினார். கிடைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தோளைத் தொட்டேன், குலுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவர் லோடு ஏற்றவில்லை. அம்மா போன வழியிலேயே போவோம் என்றார். பஸ் ஸ்டாண்டில் எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "குச்சனூருக்கா? மறுபடியும் காப்பா?" என்றாள்.

"குச்சனூர் போயிட்டுத் தேனிக்கு. இவளுக்கு மனசு சரியில்ல, டாக்டரைப் பாக்கணும்" என்றார் உங்கள் மகன், காய்ச்சல் என்று சொல்வதைப் போல.

அவள் பக்கத்தில் வந்து, "என் தங்கச்சியும் சரியா ஒறங்கவே மாட்டேங்குறா. அந்த டாக்டரு எங்கன இருக்காக?" என்று கேட்டாள்.

மாடியில் அதே மேடம்தான். அங்கங்கே நரைத்திருக்கிறது. உங்களைக் கேட்டார், சொன்னேன். காப்பு அறுத்த கதை அவருக்குத் தெரியும். அந்தக் குரல் சொல்வதை அவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. முதல் வரியிலிருந்து போடுவோம் என்றார். மாத்திரைக்கு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். கிளம்பும்போது பழைய பாக்கியைக் கேட்டார்: இன்னொரு பெயர். இந்தத் தடவை சொன்னேன்.

வெளியே வந்தால், நீங்கள் உட்காரும் பெஞ்சில், நீங்கள் உட்காரும் இடத்தில் அவர். மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அத்தை. எழுந்து வந்து என் முகத்தையே பார்த்தார்.

"ஊசி போட்டாகளா?"

அங்கேயே சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பயம் இன்னும் போகவில்லை. காலையில் அது இன்னும் வந்து நெஞ்சின்மேல் உட்காருகிறது. ஆனால் தேனிக்குப் போகும்போதெல்லாம் என் கைப்பையில் உங்கள் கறுப்புத் துணி இருக்கிறது. இப்போது அதற்குள் இரண்டு தாழ்ப்பாள்.